காற்று நேர்கோடு போடாது

ஸுஹைர் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேணும், இல்லாவிட்டால் போகப் போக ஆளாளுக்கு வாயில் வந்ததைக் கதைப்பீர்கள். திருகோணமலை டவுனுக்குள் கொம்பியூட்டர் திருத்துகிற கடைகளில், நல்லாயிருக்கிற சாமானைப் பழுது என்று சொல்லிப் புதுசைத் தலையில் கட்டாத கடை அவனுடையது. ஒரு வேலையில் கை வைத்தால் அடிவேர் வரைக்கும் பார்க்காமல் விடமாட்டான். அப்படிப்பட்ட மனுசன்தான் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு நேரம் போகுதே என்ற அவசரத்தில், கனகசுந்தரம் ஐயாவின் கொம்பியூட்டரில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் சரி அடையாளம் போட்டுவிட்டு எழும்பி வந்தான்.

கனகசுந்தரம் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடலை ஒட்டின மேட்டில் வீடு. சமாதானம், சமாதானம் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டு திரிந்த காலத்தில் கனடாவிலிருந்து வந்த மகன், வானிலை பார்க்கிற மிசின் ஒன்றை வீட்டில் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். கூரையில் மூன்று கிண்ணங்கள் காற்றுக்குச் சுற்றும். சுற்றுகிற வேகம் வயர் இல்லாமல், ரேடியோ மாதிரி, அறைக்குள் இருக்கிற பெட்டிக்கு வரும். அதைக் கொம்பியூட்டர் பெரிய எழுத்தில் திரையில் காட்டும். காற்று இவ்வளவு, மழை இவ்வளவு, வெக்கை இவ்வளவு. மகன் திரும்பிப் போனபிறகு ஐயா அந்த மிசினைத்தான் மகன் என்று வைத்திருந்தார். போகிற வருகிறவர்களும் பார்க்கட்டும் என்று திரையை யன்னல் பக்கமாகத் திருப்பி விட்டிருந்தார்.

பார்த்தவர்களில் ஒருவன் இராசையா. கீழே கரையில் வள்ளம் வைத்திருந்தான். ஆடி மாதத்துக் கச்சான் மேற்கிலிருந்து தரையைக் கடந்து கடலுக்குள் அடிக்கிற காற்று. கரையில் நிற்கிறவனுக்கு அதை மேடு மறைத்துவிடும். தண்ணீர் அசையாமல் கிடக்கும், நம்பி வெளியே போனால் பிடரியில் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகும். முந்தியென்றால் மேட்டின் உச்சியில் ஏறி நின்று காற்றைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்கள் வள்ளம் தள்ளுவார்கள். இப்போது உச்சியில் ஆமியின் காவலரண். அதுக்குக் கிட்ட நின்று கடலைப் பார்த்தால் ஏன் பார்க்கிறாய், ஆருக்குச் சொல்லப் பார்க்கிறாய் என்று கேள்வி வரும். அங்கே காவல் நிற்கிற சென்றிக்காரன் விடுகிற நேரத்துக்குப் போக வேணும், சொன்ன நேரத்துக்கு வந்துவிட வேணும். அதனால் இராசையா விடியப் புறம் ஐயாவின் யன்னலுக்குள் எட்டிப் பார்ப்பான். இலக்கம் சின்னனாக இருந்தால் போவான், பெரிசாக இருந்தால் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு வீட்டில் இருப்பான்.

சண்டை திரும்பவும் தொடங்கினபிறகு மிசினுக்குக் கிறுக்குப் பிடித்தது. காற்றின் இலக்கம் நிற்க வேண்டிய இடத்தில் மூன்று படுக்கைக் கீறு மட்டும் நிற்கும். கொஞ்ச நேரத்தில் இலக்கம் வரும், திரும்பவும் மூன்று கீறு. ஐயா ஸுஹைரைக் கூப்பிட்டார்.

ஸுஹைர் முறையாகத்தான் தொடங்கினான். பற்றரி மாற்றினான். கூரையில் ஏறிக் கிண்ணத்துக்குள் குளவி கட்டின கூட்டைச் சுரண்டினான். பெட்டியிலிருந்து கொம்பியூட்டருக்குப் போகிற வயரை மாற்றிப் பார்த்தான். மென்பொருளை அழித்துப் புதிதாகப் போட்டான். மூன்று கீறு அசையவில்லை. அறைக்குள் இருந்த பெட்டியைக் கூரைக்கே தூக்கிக்கொண்டு போய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தபோது இலக்கம் ஒழுங்காக வந்தது. அப்போது விளங்கியது. மிசினில் ஒரு பழுதும் இல்லை. வேறு ஏதோ பெரிய ரேடியோ அந்த வெளியை அடைத்துக்கொண்டு கத்துகிறது, கிண்ணத்தின் சின்னக் குரல் கீழே வந்து சேருவதில்லை. எந்த ரேடியோ, எங்கேயிருந்து என்று அவனும் கேட்கவில்லை, ஐயாவும் கேட்கவில்லை. அந்த நாட்களில் அதெல்லாம் வாய்விட்டுக் கேட்கிற கேள்வியா?

"ஒரு அன்ரனா உயர்த்திக் கட்டினால் சரிவரும் ஐயா."

"கூரையில அன்ரனாவோ? ஆருக்குச் சேதி அனுப்புறாய் எண்டு வந்து நிப்பாங்கள். தம்பி, நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்க விரும்புறன்" என்றார் கனகசுந்தரம்.

பள்ளியில் பாங்கு சொல்லத் தொடங்கிவிட்டது. ஐயா பக்கத்தில் நின்று, மகன் ரெலிபோனில் கேட்டால் என்ன சொல்லுவது, இந்தக் கீறைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு எரியுது என்று புறுபுறுத்துக்கொண்டிருந்தார். மென்பொருளில் ஒரு மூலையில் அந்தக் கட்டம் இருந்தது. தரவு வராவிட்டால் கடைசியாக வந்த அளவையே காட்டு. ஸுஹைர் சரி போட்டான். மூன்று கீறு மறைந்து ஆறு என்று ஒரு இலக்கம் வந்து அழகாக உட்கார்ந்தது.

"இனிக் கீறு வராது ஐயா."

"கெட்டிக்காரன். என்ன செய்தனீர்?"

"அது உள்ளுக்க ஒரு சின்ன வேலை" என்றான் ஸுஹைர். ஆறுதலாக ஒரு நாள் வந்து ஒழுங்காகச் செய்வோம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பள்ளிக்கு ஓடினான். அந்த ஆறுதலான நாள் வரவேயில்லை. நம் எல்லாரிடமும் இப்படிப்பட்ட நாட்கள் நிறையக் கிடக்கின்றன.

ஆடியில் ஒரு நாள் இராசையா யன்னலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போனான். திரும்பவில்லை. வள்ளமும் இல்லை, வலையும் இல்லை, ஒரு பலகைத் துண்டுகூடக் கரை ஒதுங்கவில்லை. அன்றைக்குக் காலையில் கடல் பக்கம் வெடிச் சத்தம் கேட்டதாகச் சிலர் சொன்னார்கள். எந்தக் காலையில்தான் கேட்கவில்லை? அந்த மாதத்தில் ரோட்டில் போனவர்கள், கடைக்குப் போனவர்கள், படுத்துக்கிடந்தவர்கள் என்று எத்தனையோ பேர் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவன் வீடு வராவிட்டால் ஊரின் புத்தி ஒரே பக்கம்தான் ஓடும். அவங்கள் கொண்டு போயிட்டாங்கள். கடலில் போனவனைக் கடல் கொண்டு போயிருக்கும் என்று நினைக்கக்கூட ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஸுஹைரும் அப்படித்தான் நினைத்தான், கனகசுந்தரம் திரும்பக் கூப்பிடும் வரைக்கும். போனபோது ஐயாவின் முன்னறைக் கதிரை நுனியில் இராசையாவின் பெண்சாதி குணேஸ்வரி இருந்தாள். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி.

"தம்பி, இவ புருசன் போன நாளில காற்று எப்படி இருந்ததெண்டு மிசினில நிக்குதெல்லே? அதை எடுத்துத் தாளில அடிச்சுக் குடும்" என்றார் ஐயா. "காணாமல் போனவங்களைத் தேடுற ஒபிசுக்குக் கொண்டு போகப் போறா. கடலில தாண்டு செத்திருப்பான் எண்டு சொல்லித் தட்டிக் கழிக்கப் பாக்கிறாங்களாம்."

ஸுஹைர் அந்த நாளைத் திறந்தான். திரையில் காற்றின் படம் விரிந்தது. முதல் நாள் பின்னேரம் வரைக்கும் கோடு ஏறி இறங்கி, நெளிந்து, துடித்துக்கொண்டு இருந்தது. பொழுதுபட்ட பிறகு நேராகப் படுத்துவிட்டது. இரவு முழுக்க நேர்கோடு. விடியற்காலையும் நேர்கோடு. மத்தியானம் கிட்டினபோது ஒரேயடியாக மேலே பாய்ந்து உச்சத்தில் நின்று ஆடியது.

ஸுஹைர் அந்தக் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தான். எந்தக் காற்று நேர்கோடு போடும்? ஒரு இரவு முழுக்க ஒரு மயிரிழைகூட அசையாத காற்று உலகத்தில் எங்கே இருக்கிறது? பெட்டிக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. வெளியே கச்சான் கூரையைப் பிய்த்துக்கொண்டு அடித்திருக்கும், திரை முதல் நாள் மாலையின் சின்ன இலக்கத்தைக் காட்டிக்கொண்டு சும்மா இருந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் இராசையா படி இறங்கிப் போயிருக்கிறான். குற்றம் சொல்ல வேறு ஆரையும் தேடிப் போகத் தேவையில்லை. யா அல்லாஹ், என்ன வேலை செய்துவிட்டேன் என்று நெஞ்சுக்குள் ஒரு குரல் கத்தியது.

குணேஸ்வரி எழும்பி வந்து திரைக்குக் கிட்டக் குனிந்தாள். விரலை அந்த நேர்கோட்டில் வைத்து மெல்ல இழுத்தாள்.

"பாத்தீங்களே ஐயா, அடிமட்டம் வைச்சுக் கீறின மாதிரி. கடல் குளம் போலக் கிடந்திருக்கு. இந்தக் கடலில இவர் தாழுவாரே? காற்று எழும்பினது மத்தியானம். அவர் அதுக்கு முதலே கரைக்கு வந்திருக்க வேணும். வரவிடேல்ல. ஆரோ பிடிச்சு வைச்சிருக்கினம்."

"அதுதானே" என்றார் கனகசுந்தரம்.

"அவரின்ர அண்ணன்மார் முப்பத்தோராம் நாள் காரியம் செய்யச் சொல்லி நிக்கினம். உயிரோட இருக்கிற மனுசனுக்கு அந்தியேட்டி செய்யிறதே? இதைக் காட்டினால் வாய் மூடுவினம்."

ஸுஹைர் அடித்துக் கொடுத்தான். முதல் தாள் கோணலாகப் போய்விட்டது, இரண்டாவது தாளைக் கொடுத்தான். அவள் அதைப் பிள்ளையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள். ஐயா தேத்தண்ணி போடக் குசினிக்குப் போன நேரத்தில் ஸுஹைர் அந்தச் சரியை எடுத்துவிட்டான். உடனே மூன்று கீறு வந்து நின்றது. ஐயாவிடம் சொல்லாமல் இறங்கி வந்தான். சொல்லியிருக்க வேணும். அந்த இடத்தில் அவனுக்கு முதுகெலும்பு இல்லாமல் போய்விட்டது, அதுதான் உண்மை.

வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி லைலா துருவித் துருவிக் கேட்டு விசயத்தை எடுத்துவிட்டாள்.

"சொன்னா அந்தப் பொம்புளைக்கு மனுசன் இல்லாமப் போவான்" என்றாள் லைலா. "சொல்லாட்டி?"

சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது அடுத்தடுத்த நாட்களில் தெரிந்தது. குணேஸ்வரி அந்தத் தாளைப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு ஆமி முகாம் வாசல்களில் நிற்கத் தொடங்கினாள். காலையில் ஒரு வாசல், பின்னேரம் ஒரு வாசல். கடல் குளம் போல இருந்தது, என்ர புருசனைத் தாங்கோ என்று கேட்டாள். இந்தத் தாளை உனக்கு ஆர் தந்தது என்று ஒரு நாள் மோட்டார்சைக்கிளில் வந்த இரண்டு பேர் விசாரித்துவிட்டுப் போனதாகக் கடைத்தெருவில் கதை வந்தது. அந்த நாட்களில் அப்படி வந்து கேட்கிறவர்கள் இரண்டாம் தரம் வரும்போது கேட்கமாட்டார்கள். அவளுக்கு வளர்ந்த ஒரு பொம்பிளைப் பிள்ளை இருந்தது.

இவளும் போனால் அந்தப் பிள்ளைக்கு ஆர்? அதுக்குப் பிறகு ஸுஹைரால் பொறுக்க ஏலவில்லை. கடையைப் பாதியில் பூட்டிவிட்டு அவள் வீட்டுக்கு நடந்தான்.

குணேஸ்வரி முற்றத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தாள். இராசையா வந்தால் வலை வேணுமே என்று பின்னினாள். என்றாலும் சொன்னான். இருக்கக்கூட இல்லை, நின்றபடியே சொன்னான்.

"அக்கா, அந்தத் தாளில இருக்கிற நேர்கோடு காற்று இல்ல. மிசினுக்குக் காற்றிட சேதி வராம நிண்ட நேரம் அது. வராட்டி வரேல்ல எண்டு காட்டும். அப்பிடிக் காட்டாம, பழைய இலக்கத்தையே காட்டச் சொல்லி நான்தான் வெச்சனான். கீறு வந்தா ஐயா சத்தம் போடுறார் எண்டு, பள்ளிக்கு நேரம் போகுது எண்டு வெச்சனான். அண்டைக்கு விடிய வெளியில கச்சான் அடிச்சிருக்கு. அண்ணன் என்ர பொய்யைப் பாத்துத்தான் போனவர். என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேக்க வரேல்ல அக்கா. நீங்க இனி அந்த வாசலுகளுக்குப் போகாதீங்க. அவர் அங்க இல்ல."

குணேஸ்வரியின் கையில் வலை ஊசி அப்படியே நின்றது. அழுவாள், மண் அள்ளித் தூற்றுவாள், அடிப்பாள் என்று அவன் எதிர்பார்த்தான். அடித்தால் நல்லது என்றுகூட இருந்தது. அவள் எழும்பிப் போய் வாசல் படலையைச் சாத்திவிட்டு, ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"உங்களிட்டயும் வந்தவங்களே தம்பி?"

"ஆர் அக்கா?"

"எனக்கு விளங்குது. அண்டைக்கு எனக்குத் தாள் அடிச்சுத் தந்திட்டு, கையோட மிசினைப் பழுதாக்கிப் போட்டுப் போனீங்களாம். இப்ப வெறும் கீறுதான் காட்டுதெண்டு ஐயா கவலைப்பட்டவர். தம்பி ஒரு நாளும் அப்படிச் செய்யிற ஆளில்லையே, ஆரோ வெருட்டியிருக்கினமெண்டு அப்பவே நினைச்சனான்."

"இல்ல அக்கா. ஒருத்தரும் வெருட்டேல்ல. அல்லாஹ் மேல சத்தியமா நான்தான்..."

"சத்தியம் பண்ணாதையுங்கோ." அவள் அவசரமாகக் கையைக் காட்டினாள். "கடவுளின்ர பேரில வேண்டாம். உங்களுக்கும் குஞ்சு குருமான் இருக்கு. சொல்லச் சொன்னதைச் சொல்லிப் போட்டீங்கள், அது காணும். ஆரும் கேட்டால் நீங்கள் வந்து சொன்னீங்கள் எண்டும் சொல்லுறன், நான் நம்பிப்போட்டன் எண்டும் சொல்லுறன். உங்களில எனக்கு ஒரு கோபமும் இல்லை."

"அக்கா, நான் சொல்றது உண்மை."

"ஓம் தம்பி, ஓம்" என்றாள் அவள், காய்ச்சல்காரனுக்குச் சொல்லுவது போல. "இப்பிடி வெருட்டி உங்களை அனுப்புறாங்கள் எண்டால் அவர் அவங்களிட்டத்தான் இருக்கிறார். உயிரோட இருக்கிறார். இவ்வளவு நாளும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது. நீங்கள் வந்ததோட அதுவும் போச்சு."

ஸுஹைர் படலைப் பக்கம் திரும்பினான். உண்மை எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டான்.

அவள் குசினிக்குள் போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து அவனுக்குக் கொடுத்தாள். குடித்து முடிக்கும் வரைக்கும் பக்கத்தில் நின்றாள். பிறகு வீட்டுக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், வேலியில் ஆள் குனிந்து நுழைகிற பொட்டைக் காட்டினாள்.

"ரோட்டால போகாதையுங்கோ தம்பி, சென்றியில நிக்கிறவங்கள் பாப்பாங்கள். இப்படியே ஒழுங்கையால போங்கோ. இருட்டுறதுக்கு முதல் வீட்டை போய்ச் சேருங்கோ."

ஸுஹைர் குனிந்து வேலிக்குள்ளால் போனான். ஒழுங்கையில் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தான். அவன் பத்திரமாகப் போய்ச் சேருகிறானா என்று குணேஸ்வரி அந்தப் பொட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.