கத்தரியைக் கட்டிப்போட்ட பிறகு

1

இந்தக் கதை என் தங்கையின் எரிச்சலிலிருந்து பிறந்தது. அவள் இரத்தக்குழாய்களை ஆராய்பவள். நான் கதை எழுதிப் பிழைப்பவன். ஒரு மாலை என் சமையலறைக்குள் நுழைந்து பையை மேசைமேல் எறிந்தாள்.

"கத்தரியைக் கட்டிப்போட்டுட்டேண்ணா. அப்பவும் பிரியுதுங்க."

எது பிரிகிறது என்று கேட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

தமனி என்னும் நெடுஞ்சாலையில் இரத்தம் என்னும் வாகனம்

[அடித்துவிட்டேன். வாகனம் எங்கே போகிறதென்று எனக்கே தெரியவில்லை.]

நேராகவே சொல்கிறேன். தமனியின் சுவர் ரப்பர் போல விரிந்து சுருங்கும். அதற்குக் காரணம் எலாஸ்டின் என்ற புரத இழை. சுவரின் உட்புறத்தில், இரத்தம் உரசிப்போகும் இடத்தில், ஒரே அடுக்காகச் செல்கள் படுத்திருக்கின்றன, இடைவெளி இல்லாமல் பதித்த தரை ஓடுகள் மாதிரி. ஒரு நொதி கத்தரியாக வந்து எலாஸ்டினை வெட்டினால், இந்த ஓடுகளும் விலகும், சுவர் கசியும் என்பது தங்கையின் கணிப்பு.

அதைக் காட்ட அவள் செய்தது இது. பன்றித் தமனித் துண்டையும் கத்தரி நொதியையும் ஊட்டத் திரவத்தில் போட்டு, இரவு முழுக்க இன்குபேட்டரின் வெதுவெதுப்பில் ஊறவைப்பாள். காலையில் திரவத்தை வடித்து, நொதியை முடக்கும் தடுப்பானைக் கலந்து, தட்டில் வளரும் அதே உட்சுவர்ச் செல்கள்மேல் ஊற்றுவாள். நொதி முடங்கியதைச் சோதித்தும் பார்த்துவிட்டாள். கத்தரி வேலை செய்யவில்லை. அப்படியானால் செல்கள் சேர்ந்தே இருந்திருக்க வேண்டும். ஆனால் அவை பிரிந்துகொண்டே இருந்தன.

"கத்தரிக்கும் செல்லுக்கும் சம்பந்தமில்லைன்னு எழுதிக் குடுத்துடும்மா, ஆய்வை மூடிடலாம்னு எங்க லேப் மேடம் சொல்லிட்டாங்க. வர்ற ஆய்வுக் கூட்டத்தோட என் வேலை காலி."

3

எனக்குத் தெரிந்த வழியில் எழுதிப் பார்த்தேன். நொதியை ரவுடி ஆக்கினேன், தடுப்பானைப் போலீஸ் ஆக்கினேன். [ரவுடிமேல் எனக்கு நம்பிக்கை இல்லை. வெட்டுவதைத் தவிர வேறு ஆசையே இல்லாதவனை வைத்து ஒரு பக்கத்தைக்கூட ஓட்ட முடியாது.] அவன் தெரு முழுக்கக் கடைகளை உடைக்கிறான். கண்ணாடி சிதறுகிறது. கடைசியில் ஜீப் வந்து நிற்கிறது. கையில் விலங்கு. சுபம்.

தங்கை படித்தாள்.

"ஜீப் இவ்ளோ லேட்டாவா வரும்?"

"எந்தப் படத்துல சீக்கிரம் வந்திருக்கு?"

"சரி, அவனைப் பிடிச்சாச்சு. தெருவுல கிடக்கிற கண்ணாடியை யாரு கூட்டுறது?"

"அது என் கதையில வராதும்மா."

சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். தாளைத் திருப்பி மறுபடி படித்தாள்.

"அண்ணா, நானும் போலீஸைக் கடைசியிலதான் கூப்பிடுறேன்."

"ஏன்?"

"அந்தத் தடுப்பான் தண்ணியில சீக்கிரம் கெட்டுப்போயிடும். அதனால ஊத்துறப்பதான் புதுசா கலக்கணும்னு எங்க லேப்ல பழக்கம். யாரும் ஏன்னு கேட்டதில்ல. ராத்திரி முழுக்க வெட்டு நடந்திருக்கு. வெட்டின துண்டெல்லாம் திரவத்துலயே மிதந்திருக்கு. அதைத்தான் செல்லு தலையில கொட்டியிருக்கேன்."

"குட்டித் துண்டு என்ன பண்ணிடும்?"

"செல்லோட மேல்பக்கம் காது மாதிரி ஒண்ணு இருக்கு. துண்டு அதுல ஒட்டினா உள்ள சேதி போகும். இழை முழுசா இருந்தவரைக்கும் கேட்காத சேதி."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவளுக்குப் போட்டுவைத்த காப்பி ஆறிக் கிடந்தது.

4

அவள் திரும்பும்வரை சும்மா இருக்க முடியாமல் முடிவுகளைத் தயாரித்தேன்.

முடிவு அ: மேடம் கண்கலங்கி [கலங்கமாட்டார்.]

முடிவு ஆ: தோற்றுப்போன தங்கை மழையில் நடந்து [மழை எதற்கு?]

தொலைபேசி அடித்தது. "நீ ஒண்ணையும் முடிக்காத. நான் முடிச்சுட்டுச் சொல்றேன்."

பெரிய மூலக்கூறுகளை நிறுத்திச் சின்னவற்றை மட்டும் விடும் வடிகட்டியில் அவள் திரவத்தை வடித்தாள். நொதி மேலேயே தங்கியது. துண்டுகள் மட்டும் கீழே இறங்கின. கத்தரியே இல்லாத அந்தத் துண்டுகளை ஊற்றியபோது செல்கள் பிரிந்தன. இன்னொரு தட்டுக்கு, ஊறல் தொடங்கும் முன்பே தடுப்பானைக் கலந்து, இரவில் அது கெடக் கெடப் புதிதாகச் சேர்த்த திரவம். அங்கே செல்கள் அசையவில்லை. ஓடு பதித்த தரை அப்படியே இருந்தது.

கூட்டத்தில் மேடம் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லையாம். பிறகு கேட்டிருக்கிறார்:

"இது எப்படிம்மா தோணுச்சு?"

"எங்கண்ணன் ஒரு மட்டமான கதை எழுதினார் மேடம்."

ஆய்வு மூடப்படவில்லை. இன்னொரு இன்குபேட்டரும் கிடைத்திருக்கிறது. என் வாழ்நாளில் ஒரு கதைக்கு இவ்வளவு பெரிய பாராட்டு வந்ததில்லை.

5

அலங்காரமான முடிவு வேண்டுமென்றால், வாசகரே, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், மழைகூடப் போட்டுக்கொள்ளலாம். என்னிடம் இருப்பது தங்கை சொல்லச் சொல்ல எழுதியது மட்டும்:

செல்களைப் பிரிப்பவை கத்தரி வெட்டிப்போட்ட எலாஸ்டின் துண்டுகள். ஆகவே தடுப்பானை முதலிலேயே கலக்க வேண்டும். கெடக் கெடப் புதிதாகச் சேர்க்க வேண்டும். துண்டுகள் ஏற்கெனவே சேர்ந்துவிட்டால், வடிகட்டியில் அவற்றைக் கீழே இறக்கி நீக்கிவிட்டு, மேலே தங்கியதில் தடுப்பானைக் கலந்தே ஊற்ற வேண்டும். அப்படிச் செய்தால் செல்கள் சேர்ந்தே இருக்கும்.