பி.டி. பீரியடைத் தின்ற கணக்கு மிஸ்

1.
இடுப்பு வலிக்கிறது. பத்து வயதில் சேலம் பக்கத்துச் சூளையில் செங்கல் சுமந்தபோதுகூட இப்படி வலித்ததில்லை. இது மராத்தி பேசும் பாணேரில், நாலாவது மாடி வீட்டில், மகளோடு தரையில் உட்கார்ந்து பின்னம் சொல்லிக்கொடுத்ததில் வந்த வலி. இந்தக் கதை பிறந்தது இந்த இடுப்பில்தான். ஞானத்தில் இல்லை.

2.
முதல் வரைவு: வீட்டுக்கல்வி என்பது குழந்தையின் சிறகுகளை

(அடித்துவிட்டேன். கல் சுமந்த கை இப்படி எழுதினால் கைக்கே சிரிப்பு வருகிறது.)

இரண்டாவது: என் பெண் ப்ரீதிக்கு ஒன்பது வயது. ஜூனில் பள்ளியை நிறுத்தினோம். நன்மைகள்: பஸ்ஸில் வாந்தி இல்லை. இட்லி சூடாக இறங்குகிறது. காய்கறிக்காரரிடம் மராத்தியில் பேரம் பேசியே எடையும் கழித்தலும் படித்துவிட்டாள். தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள்.

சிரமம்: நான்.

3.
வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்குப் போனவள் நான். அந்த ஆசையில் வீட்டுக்குள் ஒரு முழுப் பள்ளிக்கூடத்தையே நட்டுவிட்டேன். சுவரில் டைம் டேபிள். எவர்சில்வர் தட்டில் கரண்டியால் மணி. தினமும் அட்டெண்டன்ஸ்.

"ப்ரீதி?"

"உள்ளேன், அம்மா மிஸ். வேற யார் பேராவது கூப்பிடேன், போர் அடிக்குது!"

முதல் ரேங்க் அவளுக்கு. கடைசி ரேங்க்கும்.

* என் கணவர் சபரியை இந்தக் கதையில் வில்லனாக வைத்திருந்தேன். ஹிஞ்சேவாடி ஆபீஸிலிருந்து டிராஃபிக்கில் ஊர்ந்து வந்து சேருகிறவருக்கு வில்லத்தனத்துக்குத் தெம்பு ஏது? விட்டுவிட்டேன்.

4.
இன்று பழைய பள்ளியிலிருந்து போன். ஒரு இடம் காலியாம், ஐந்து மணிக்கு மறுபடி கூப்பிடுவார்களாம், முடிவைச் சொல்ல வேண்டுமாம். சபரியிடம் கேட்டால், "அவளையே கேளு நீலா" என்று போனை வைத்துவிட்டார்.

கேட்டேன்.

"இங்கயே இருக்கேன்மா. ஆனா கணக்கு மிஸ்ஸ மாத்தணும்."

"அவ என்னடி பண்ணா?"

"பி.டி. பீரியட எல்லாம் கடன் வாங்கிக்கறா. திருப்பியே தர்றதில்ல. ஸ்கூல்லயாவது பி.டி. சார் சண்டைக்கு வருவார். இங்க பி.டி. மிஸ்ஸும் நீதான!"

(இதை நான் புனையவில்லை. எனக்கு அவ்வளவு திறமை கிடையாது.)

டைம் டேபிளைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை பி.டி. கட்டத்தில் அவள் போட்ட சின்னச் சின்னச் சிவப்புப் பெருக்கல் குறிகள். பதினேழு. விளையாட்டு என்பது வேலை முடிந்தவர்களுக்கு என்று வளர்ந்தவள் நான். சூளையில் வேலை முடிந்ததே இல்லை. அதை அப்படியே நாலாவது மாடிக்குச் சுமந்து வந்திருக்கிறேன். இறக்கி வைக்கத் தெரிந்தால் இவள் இங்கே இருக்கலாம். தெரியாவிட்டால் பள்ளியே மேல்.

5.
முடிவு அ: "வருகிறாள்" என்கிறேன்.

முடிவு ஆ: "வரமாட்டாள்" என்கிறேன்.

முடிவு இ: போன் அடிக்க அடிக்க அம்மாவும் மகளும் மானைப் போலத் துள்ளி

(இடுப்பைக் கேட்காமல் எழுதிய வாக்கியம்.)

மணி நாலு ஐம்பத்தெட்டு. கீழேயிருந்து ஸ்கிப்பிங் கயிற்றைச் சுழற்றிக்கொண்டு கத்துகிறாள்: "பி.டி. மிஸ், சலோ! இன்னிக்கும் லேட்டா?"

போகிறேன். போனை உங்கள் கையில் வைத்துவிட்டுத்தான் போகிறேன். அடித்தால் எடுங்கள், அ என்றோ ஆ என்றோ நீங்களே சொல்லுங்கள். எதைச் சொன்னாலும், ப்ரீதிக்கு நான் பதினேழு பி.டி. பீரியட் தர வேண்டும்.