மூன்றாவது மிதி

செங்கொடி பிறந்தபோது தலைக்கு முன் கால்தான் வெளியே வந்தது. அதில் அவள் செய்தது ஒன்றுமில்லை. ஆனாலும் டோல்கேட் பக்கத்து ஹவுசிங் போர்டில் யாருக்கு முதுகு பிடித்தாலும் மூன்றாவது மாடியில் அவள் வீட்டுக் கதவுதான் தட்டப்படும். கால் முன்னே வந்து பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விட்டுப் போகும். மூன்று ஞாயிறு, காலையில், வெறும் வயிற்றில், இடது காலால் மூன்று மிதி. நடுவில் நிறுத்தினால் பிடிப்பு இரட்டிப்பாகும் என்பார்கள்.

ஆறு வயதில் ஆரம்பித்தது. முப்பத்தொரு வயதாகியும் இன்னொருவர் முதுகில் கால் வைக்கும் கூச்சம் அவளுக்குப் போகவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்து பிளாக் ரூஹிக்கு மூன்று வாரமும் மிதித்தாள். ரூஹிக்கு மாலையானால் காய்ச்சல் அடித்தது, உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது, படுத்தாலும் வலி அடங்கவில்லை. அதையெல்லாம் யாரும் முதுகோடு சேர்த்துப் பார்க்கவில்லை. கால் இரண்டும் மரத்துப் போன பிறகுதான் படம் எடுத்தார்கள். முதுகெலும்பில் டிபி. ரூஹி இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறாள். செங்கொடியைப் பார்த்தால் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைத்தான் செங்கொடியால் தாங்க முடிவதில்லை.

அதிலிருந்து அவள் காலை வைக்கும் முன் கையை வைத்துப் பார்ப்பாள். நாலு கேள்வி கேட்பாள். தரைத்தளத்துக் குணசேகரனிடம் மட்டும் கேட்கவில்லை. சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் தகடு ஏற்றி இறக்குகிறவருக்கு முதுகு வலிக்காமல் வேறு யாருக்கு வலிக்கும்? இரண்டு ஞாயிறு மிதித்து அனுப்பினாள்.

மூன்றாவது ஞாயிறு அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் மனைவி அம்மு.

"இன்னாணா, மழைல நனைஞ்ச மாதிரி கீற?"

"மூணு மாடி ஏத்தி வுட்டுட்டு கேக்குற பாரு கேள்வி."

"ரெண்டு நாளா இதே பேஜாரு," என்றாள் அம்மு. "படி ஏறினா வலிக்குதாம், நின்னா வுட்டுடுதாம். வாயு எங்க போயி ஒக்காந்துகினு கீதோ. சட்டுனு மிதிச்சு வுடு, பத்து மணிக்கு லோடு கீது."

அவர் பாயில் குப்புறப் படுத்தார். செங்கொடி குனிந்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே கட்டைவிரலால் அழுத்தினாள். சுளுக்கென்றால் தொட்ட மாத்திரத்தில் ஆள் துள்ளும். அவர் துள்ளவில்லை.

"இங்கயா?"

"இல்ல. உள்ள."

"கையத் தூக்கு. தோளச் சுத்து. வலிக்குதா?"

"அதெல்லாம் இல்ல. உள்ள எவனோ நட்டு முறுக்குற மாதிரி கீது. தாடை வேற இழுக்குது. பல்லுவலி வரப்போவுதோ இன்னாவோ."

செங்கொடி நிமிர்ந்தாள். காலைத் தூக்கவில்லை.

"எந்திரிணா. நான் மிதிக்க மாட்டேன். இது சுளுக்கு இல்ல. நெஞ்சா இருக்கும்."

"நெஞ்சு முன்னால கீதுடி," என்றாள் அம்மு. "அவரு பின்னால வலிக்குதுங்குறாரு. நீ இன்னா டாக்டருக்குப் படிச்சிகிறியா?"

"படிக்கல. அதான் மிதிக்க மாட்டேன்னு சொல்றேன்."

"ரெண்டு வாரம் மிதிச்சப்ப மட்டும் படிச்சிருந்தியா?"

செங்கொடி பாயிலிருந்து விலகி நின்றாள். அம்மு விடவில்லை. "மூணாவது மிதிய நிறுத்தினா இன்னா ஆவும்னு தெரியாதா ஒனுக்கு? ராங்கி பண்றியே!"

குணசேகரன் எழுந்து துண்டை உதறினார். "வுடு அம்மு. நாலு தகடு தூக்கினா தானா வுட்டுடும்."

அவர் படியை நோக்கித் திரும்பினார். கீழே இறங்கிவிட்டால் நேரே சாத்தாங்காட்டுக்குத்தான் போவார். செங்கொடி வாசலில் குறுக்கே நின்றாள்.

"ஈசிஜி எடுத்துகினு வா. ஒண்ணும் இல்லன்னு டாக்டரு சொல்லட்டும். மூணு இல்ல, முப்பது மிதி மிதிக்கிறேன். அதுவரைக்கும் என் காலத் தூக்க மாட்டேன்."

"முப்பதா? நானே தகடாயிடுவேன்." சிரித்தவர் பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினார். அம்மு அவர் முகத்தைப் பார்த்தாள். அவளே போய் நாற்காலியை இழுத்து வந்தாள்.

செங்கொடி அவரை நாற்காலியில் உட்காரவைத்து, போனில் நூற்றெட்டை அழைத்தாள். முகவரியை இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது.

"ஆம்புலன்ஸா? வேணாம்மா. பில்டிங்கே எட்டிப் பாக்கும்."

"பாக்கட்டும். நீ ஒரு படி எறங்கக் கூடாது."

பில்டிங்கே எட்டிப் பார்த்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் அவரை நாற்காலியோடு தூக்கி இறக்கியபோது இரண்டாவது மாடியிலிருந்து ஒருவர், "இன்னா மாமு, மாப்ள ஊர்வலமா?" என்றார். குணசேகரன் கையை ஆட்டினார். வண்டியில் நெஞ்சில் ஒயரை ஒட்டிப் பார்த்த ஊழியர், டிரைவரிடம் சைரன் போடச் சொன்னார்.

இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. அன்று மதியமே பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். மாரடைப்பு முதுகிலும் தாடையிலும் மட்டும் காட்டிக்கொள்வது உண்டு என்றும், லோடு தூக்கப் போயிருந்தால் நிலைமை வேறு என்றும் டாக்டர் அம்முவிடம் சொல்லியிருக்கிறார். செங்கொடிக்கு இது பக்கத்து வீட்டார் சொல்லித்தான் தெரிந்தது.

எட்டாம் நாள் அவர் வீடு திரும்பினார். அன்று மாலை செங்கொடி கீழே போனாள். உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றாள்.

"ரெண்டு வாரமும் கேக்காம மிதிச்சுட்டேன்ணா."

"நான் மட்டும் இன்னா, அப்பவே படி ஏறினா வலிச்சுது, சொன்னேனா?" தலையணைக்கு அடியிலிருந்து ஈசிஜி தாளை எடுத்து நீட்டினார். "இந்தா. முப்பது மிதின்ன."

"ஒண்ணும் இல்லன்னாதான் மிதிக்கிறேன்னு சொன்னேன். இதுல நெறைய கீதே."

அவர் சிரித்தார். அம்மு சிரிக்கவில்லை. டீயைக் கொண்டுவந்து செங்கொடியின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த ஞாயிறு காலை. கழுத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் படியேற வந்தாள். கீழே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மு காலை நீட்டி வழியை மறித்தாள்.

"எங்க போற? வலி எங்க கீது? படி ஏறினா ஜாஸ்தியாவுதா? காய்ச்சல் கீதா? காலு மரத்துப் போவுதா? எங்கனா வுழுந்தியா?"

"இல்லக்கா. தலகாணி மாத்திப் படுத்துட்டேன்."

அம்மு முறத்தைக் கீழே வைத்தாள். அந்தப் பெண்ணின் தோளில் கட்டைவிரலால் பலமாக அழுத்தினாள். அவள் போட்ட சத்தம் மூன்றாவது மாடி வரை கேட்டது.

"சரி, போ," என்றாள் அம்மு.