மச்சான் சொல்லாத பெயர்

அக்காவும் அவள் வீட்டுக்காரரும் பேச்சை நிறுத்திப் பதினோரு வருஷம். மின்விசிறியை இரண்டில் வைப்பதா, மூன்றில் வைப்பதா என்று தொடங்கிய சண்டை. அன்றிலிருந்து இருவரும் வீட்டுப் பூனையைப் பார்த்துத்தான் பேசுவார்கள். "சாப்பாடு ஆயிடுச்சுன்னு சொல்லு" என்பாள் அக்கா. நாலாவது வருஷம் பூனை வீட்டை விட்டுப் போய்விட்டது. போகுமுன் என்னிடம் வந்து, இனி தன்னால் முடியாது என்றது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அதன் பிறகு இருவரும் சுவர்க் கடிகாரத்திடம் பேசினார்கள்.

மச்சான் லிஃப்ட் மெக்கானிக். சொன்னால் சொன்னதுதான் என்கிற ஆள். ஒருநாள் இரண்டு மாடிக்கு நடுவில் வலது கை மரத்து, பத்து நிமிஷம் நாக்கு புரளவில்லை. இடது கழுத்து ரத்தக்குழாய் தொண்ணூறு சதவீதம் அடைத்திருக்கிறது, அடுத்த தடவை போகிற பேச்சு திரும்பாது என்றார் டாக்டர். தொடை வழியாகக் கம்பியை ஏற்றி, அடைப்பில் சின்ன பலூனை ஊதி விரித்து, ஸ்டென்ட் வைப்பதாக ஏற்பாடு.

பலூன் ஊதியிருக்கும் சில நொடி மூளைக்கு ரத்தம் குறையுமாம். அதனால் மயக்க மருந்து கிடையாது. நர்ஸ் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள். வலது கையில் ஒரு ரப்பர் வாத்து. பதில் சொல்லும்போதெல்லாம் அதை அமுக்க வேண்டும். கீச்சென்றால் மூளை சௌக்கியம்.

அக்காவும் நானும் கண்ணாடிக்கு வெளியே நின்றோம். உள்ளே நடந்ததைப் பிறகு நர்ஸ் சொன்னாள். என்ன வேலை? லிஃப்ட். கீச். என்ன கிழமை? வெள்ளி. கீச். பலூனை ஊதினார்கள். சம்சாரம் பேர் என்ன?

பதில் இல்லை. பதில் இல்லாததால் வாத்தும் இல்லை. மச்சான் சொன்னபடி செய்கிறவர். பேச்சு போய்விட்டது என்று பதறிய டாக்டர், பலூனைச் சுருக்கி எல்லாவற்றையும் வெளியே இழுத்துவிட்டார்.

வார்டில் மச்சானிடம் ஏன் என்று கேட்டேன்.

"அவ பேரு என் வாயில வராதுன்னு சொன்னவன் நான், மாப்ள. ஒரு பலூனுக்காக மாத்திக்கணுமா?" என்றார், ஓர் எழுத்துப் பிசகாமல்.

ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் கேஸ் ஷீட்டை எடுத்தார். அடுத்த வெள்ளிக்கு நாள் குறித்து, மனைவியைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று சிவப்பு மையில் கட்டம் கட்டி எழுதினார்.

செவ்வாய்க்கிழமை பல் தேய்க்கும்போது மச்சான் விழுந்தார்.

வலது பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு சொல் தவிர. இப்படி ஒன்று மட்டும் தங்கிவிடுவது உண்டாம். தங்கியது அக்காவின் பெயர். பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அதுதான். ஒரு நாளைக்கு நானூறு தடவை, எண்ணிப் பார்த்தேன்.

முதல் வாரம் ஒவ்வொரு தடவையும் அக்கா வாய் திறக்காமல் ஓடிப்போய் நின்றாள். பிறகு ஒருநாள் கதவருகே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைக் கூப்பிடுறாரா, தண்ணி கேக்குறாரா? எனக்கு எப்படிடா தெரியும்?"

தெரியவில்லை என்றேன். தண்ணீர் கொண்டுபோனாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் சொன்னார். டம்ளரை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"என்ன?" என்றாள். அவரைப் பார்த்து, நேராக.

அவர் அதையே சொன்னார்.