இரண்டுங்கெட்டான் நடை

என் தம்பி ஒட்டூருக்குக் காது கூர்மை. வாய் அதைவிடக் கூர்மை. தூவாவை ஜெர்மனிக்கு அனுப்பிவிடலாம் என்று அவன் முதன்முதலில் சொன்னபோது, நான் லாயத்தில் அவளுக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏன்க்கா அந்தப் பொண்ணப் போட்டு இந்தப் பாடு படுத்தற? அதுக்குத் தொல்ட் வராது. வராதத வா வான்னா எப்படி வரும்?"

"வரும். உன் வாயை மூடிட்டுப் போனா சீக்கிரம் வரும்."

எங்கள் குதிரைகளின் பெருமையே தொல்ட்தான். நான்கு காலும் தனித்தனியாக, ஒரே சீராக விழும் ஓட்டம் அது. மேலே இருப்பவர் துளிகூடக் குலுங்கமாட்டார். தூவாவுக்கோ ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டே விழுந்தன. ஓட்டமும் இல்லை, நடையும் இல்லை. இரண்டுங்கெட்டான் நடை என்று ஒட்டூர் அதற்குப் பெயரே வைத்துவிட்டான்.

எங்களிடம் இருப்பவை பன்னிரண்டு பெண்குதிரைகள். ஆளுக்குப் பாதி. புல் மட்டும் பொது. தூவா என் பங்கு. அவள் தாய் பிராண்டாவைப் போல ஒரு குதிரையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தூவாவை ஈன்ற மறுநாளே அவள் செத்துப்போனாள். புட்டிப்பால் கொடுத்து நான்தான் குட்டியைத் தேற்றினேன். பிராண்டாவின் வழியில் மிச்சம் இவள் ஒருத்திதான். அதனால்தான் அந்தப் பிடிவாதம். தாயின் நடை மகளிடம் இல்லாமல் எங்கே போகும்? சேர்ந்தாற்போல இரண்டு வருஷம், கடிவாளத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பழக்கினேன், பழக்கினேன், பழக்கிக்கொண்டே இருந்தேன்.

அந்தக் கோடை முழுக்க மழை. குளிர்காலத்துக்கு அறுத்த புல் காயாமல் அழுகி, பாதிகூடத் தேறவில்லை. ஜூலையில் குதிரை வாங்க வந்த ஜெர்மன்காரிக்குத் தூவாவின் சாதுவான குணம் பிடித்துப்போயிற்று. நடையைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை.

"குடுத்துடுக்கா. அங்க நல்லா இருக்கும். இங்க வெச்சா இந்தக் குளிருக்குப் புல்லுக்கு எங்க போவ? நடை இல்லாத தாய்க்குப் பொறந்த குட்டிய யார் வாங்குவா? கடைசில உப்புக்கண்டம்தான்."

"கடல் தாண்டிட்டா அவ திரும்பி வர முடியாதுடா."

"எந்தக் குதிரைதான் வந்துச்சு?"

உண்மைதான். எங்கள் தீவு நாட்டுச் சட்டம் அப்படி. வெளியே போன குதிரை, ஒரே ஒரு நாள் போயிருந்தாலும் சரி, மறுபடி இந்த மண்ணை மிதிக்கக் கூடாது. நோய் வந்துவிடுமாம். செப்டம்பரில் மலையிலிருந்து ஆடுகளை இறக்கும்வரை தவணை கேட்டேன். அதற்குள் தொல்ட் வராவிட்டால் ஜெர்மன்காரிக்குச் சரி என்று சொல்லிவிடுவதாக ஒத்துக்கொண்டேன்.

வரவில்லை. மலைக்கு ஏறும்போது தூவாவை மாற்றுக் குதிரையாகக் கூட்டிப்போனேன். ஏறிச் சவாரி செய்ய அல்ல. போகுமுன் மலையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகட்டும் என்றுதான். இதை ஒட்டூரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஊரெல்லாம் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்துவிடுவான்.

மூன்றாம் நாள் எனக்குச் சனி பிடித்தது. காலையில் ஒரு கிடாவைக் கொம்பைப் பிடித்து இழுக்கப்போய், வலது கட்டைவிரல் மடங்கிக் கத்தரிக்காய் போல வீங்கிவிட்டது. மதியம் என் சவாரிக் குதிரையின் லாடம் கழன்று, அது நொண்ட ஆரம்பித்தது. சமையல் வண்டியில் அதை ஏற்றி அனுப்புவதற்குள் ஆடும் ஆளும் வெகுதூரம் போய்விட்டார்கள். போதாததற்கு மூடுபனி வேறு. வேறு வழியில்லாமல் சேணத்தைத் தூவாவின் மேல் போட்டு ஏறினேன்.

வலது கை மடியில் கிடந்தது. இடது கையில் கடிவாளம், பிடித்தும் பிடிக்காமலும். பழக்கும் எண்ணமே இல்லை. "போம்மா, உன் இஷ்டம்" என்று விட்டுவிட்டேன். தெரிந்த பாட்டையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு, ஊர் திரும்பியதும் ஜெர்மன்காரிக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். சரளைப் பாதை தொடங்கியபோதுதான் காதில் விழுந்தது.

தகதிமி. தகதிமி. தகதிமி.

யாரோ பின்னால் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவருமில்லை. அப்புறம்தான் என் உடம்பு கொஞ்சமும் குலுங்கவில்லை என்பது உறைத்தது. அசைந்தால் நின்றுவிடுமோ என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். நிற்கவில்லை. தூவா தலையைத் தூக்கி, பிடரி மயிர் பறக்க, பிராண்டாவின் மகளாகப் போய்க்கொண்டிருந்தாள்.

வெட்கக்கேடு. இரண்டு வருஷமாக அவள் நடையை இறுக்கிப் பிடித்து வைத்திருந்தது என்னுடைய இந்த இரண்டு கைகள்தான்.

"யாரது? ஸ்டெய்னரண்ணனா?" பனிக்குள்ளிருந்து ஒட்டூரின் குரல். ஸ்டெய்னர் எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர். வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

நான் வாயைத் திறக்கவில்லை.

"உங்க செவலையா இது? யப்பா, என்ன தொல்ட்டுண்ணே! ராத்திரி பூரா உக்காந்து கேட்டுக்கிட்டே இருக்கலாம் போல. மாத்திக்கலாமா? இதோ எனக்குக் கீழ இருக்கற கிளான்னியத் தரேன். பாக்கவும் வேணாம், பல்லத் தொடவும் வேணாம்."

ஆடு இறக்கும் நாளில் குதிரைக்குக் குதிரை மாற்றிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். பார்க்காமல் மாற்றினால் அது இன்னும் கௌரவம். கை கொடுத்துவிட்டால் பேரம் முடிந்தது. முறித்தவன் அப்புறம் ஊரில் தலைகாட்ட முடியாது.

மூன்று நாள் ஆட்டை விரட்டிக் கத்தியதில் என் தொண்டை ஆம்பளைத் தொண்டையாகியிருந்தது. இரண்டுங்கெட்டான் என்று சிரித்த வாயே கேட்கும்போது விடுவேனா? "சரி" என்றேன்.

"கையக் குடுங்க!"

பனியைத் தாண்டி ஒரு கை நீண்டது. இடது கையால் பிடித்துக் குலுக்கினேன். அதற்குப் பிறகுதான் குதிரையை ஒட்டி வந்து என் முகத்தைப் பார்த்தான்.

"அக்கா?" கண் மெல்லக் கீழே இறங்கியது. "இது... நம்ம தூவா."

"நம்ம இல்ல. உன் தூவா."

"ஏய், இது செல்லாது! நான் ஸ்டெய்னரண்ணன்னு நெனச்சுதானே..."

"நான் இங்க இருக்கேன்." அவனுக்குப் பின்னால், பனிக்குள், செவலையின் மேல் ஸ்டெய்னர் அமைதியாக உட்கார்ந்திருந்தார். "கை குடுத்ததப் பாத்தேன்." அந்த வருஷத்துக்கான பேச்சை அவர் அதோடு முடித்துக்கொண்டார்.

ஒட்டூர் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. இறங்கி வந்து தூவாவின் கழுத்தைத் தடவினான். சேணங்களை மாற்றிக்கொண்டோம். அவன் ஏறி, வழக்கம்போல இரண்டு கையாலும் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தான். அவ்வளவுதான், பழைய இரண்டுங்கெட்டான் நடை.

"கையத் தளத்துடா மடையா! நான் பண்ண தப்பையே நீயும் பண்ணாத!"

தளர்த்தினான். நாலடி போனதும் தகதிமி தொடங்கிவிட்டது. வாய் ஓயாத என் தம்பி ஒரு மைல் தூரம் பேசாமல் வந்தது அன்றைக்குத்தான்.

வேலிக் கதவருகில் வந்ததும் கேட்டேன். "ஜெர்மன்காரிக்கு என்னடா எழுதறது?"

"என் குதிரை விக்கறதுக்கு இல்லன்னு எழுது." திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வேணும்னா நீ போயிட்டு வா. உன்னத் திரும்ப உள்ள விடுவாங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தூவா என்னை விட்டுப் போய்விட்டாள், முப்பதடி தள்ளி இருக்கும் தம்பியின் லாயத்துக்கு.