பக்கத்து இருக்கை காலியாக இருந்தது

சோல்ட் ஃபெரி என்ற ஆங்கிலேய ரொக் குழு ரொறன்ரோவுக்கு ஒரேயொரு தடவைதான் வந்தது. 1994 ஜூலையில், ஏரிக்கரை எக்சிபிஷன் மைதானத்தில் பாடினார்கள். நான் பார்த்தேன். என் பள்ளித் தோழன் ஸ்ரீஸ்கந்தராசா, எங்களுக்குச் சிறீ, பார்க்கவில்லை. அவன் பார்க்காமல் போனதற்கு நான்தான் காரணம்.

அந்தக் குழுவின் பாட்டை எனக்கு முதலில் போட்டுக் காட்டியவனே சிறீதான். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் படித்தபோது, கப்பலில் வேலை செய்த அவனுடைய மாமா ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதை நூறு தடவையாவது கேட்டிருப்போம். பிறகு எங்களுக்கும் ஒரு குழு தொடங்க வேண்டும் என்ற பைத்தியம் பிடித்தது. சிறீ பாடுவதென்றும் நான் கிட்டார் வாசிப்பதென்றும் முடிவானது. நான்கு மாதம் விரல் நுனி தோலுரியப் பழகினேன்.

1973 இல் பள்ளி மண்டபத்தில் நிகழ்ச்சி. என் அம்மாவும் அக்காவும் இரண்டாம் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். தொடங்குவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒருவனைச் சிறீ உள்ளே கூட்டிவந்தான். என் கையிலிருந்த கிட்டாரை வாங்கி அவனிடம் கொடுத்தான். "இண்டைக்கு இவன் வாசிக்கட்டும். நீ திரையைப் பார்" என்றான். அவ்வளவுதான். திரையைத் திறக்கிற கயிற்றை நான் இழுத்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

நான் 84 இல் கனடாவுக்கு வந்தேன். ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் சில வருடம் இருந்துவிட்டு, பேர்ணடெற்றைக் கட்டிய பிறகு வெக்ஸ்போர்ட்டில் வீடு எடுத்தேன். சிறீ 90 இல் வந்தான். மனைவியும் மகளும் ஊரில். அவனுக்குப் பார்க்டேலில் ஒன்பதாம் மாடியில் ஓர் அறை பார்த்துக் கொடுத்ததும், வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். திரைக் கயிற்றை மறந்துவிட்டேன் என்றே நினைத்திருந்தேன். சோல்ட் ஃபெரி வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் விடியவே வரிசையில் நின்று இரண்டு டிக்கெட் வாங்கினேன். சிறீயை ஏமாற்றுகிற எண்ணம் அப்போது எனக்கு இல்லை.

நிகழ்ச்சிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு விருந்து. சாப்பாட்டுக்குப் பிறகு யாரோ பழைய கதையைக் கிளப்ப, சிறீ எங்கள் பள்ளிக் குழுவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். நன்றாகக் கதை சொல்லுவான். நாங்கள் நாலு பேர் என்று சொல்லி, விரல் மடித்து நான்கு பெயர்களையும் சொன்னான். நாலாவது, கொழும்பிலிருந்து வந்தவனுடைய பெயர். ஒருவர் என்னைக் காட்டி, இவர் என்ன வாசித்தவர் என்று கேட்டார். சிறீ என் தோளில் தட்டினான்.

"அருள் அப்ப எங்களோடை திரிஞ்சவன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நிகழ்ச்சியன்று ஐந்து மணிக்கு நான் அவன் கட்டட வாசலில் காரை விட்டுவிட்டு இருவரும் நடந்து போவதாகத்தான் பேச்சு. அங்கிருந்து மைதானம் அரை மணி நேர நடை. நான் நாலு மணிக்கே வெளிக்கிட்டேன். அவன் இருந்த ஜேம்சன் தெருவுக்குள் திரும்பியபோது சிறீ வாசல் படியில் நிற்பது தெரிந்தது. தலைமயிர் வெட்டியிருந்தான். வெள்ளைச் சேர்ட்டை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தான். தெருவின் மற்றப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிரேக்கில் கால் வைத்தேன். பிறகு எடுத்தேன். கார் அவனைத் தாண்டிப் போனது. கண்ணாடியில் பார்த்தேன், அவன் இன்னும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

மைதானத்தில் பக்கத்து இருக்கையில் என் ஜாக்கெட்டைப் போட்டேன். பின்வரிசைப் பையன் ஒருவன் தன் சிநேகிதி இருக்கலாமா என்று மரியாதையாகக் கேட்டான். ஆள் வருகிறார் என்று சொன்னேன். என்னால் அன்று ரசிக்க முடியவில்லை என்று சொன்னால் கேட்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் நான் நன்றாகவே ரசித்தேன். இருபது வருடமாகக் கேட்ட குரல், கண்ணுக்கு முன்னால். கடைசிப் பாட்டுக்கு எழுபதாயிரம் பேரோடு நானும் எழுந்து நின்று கத்தினேன்.

வீட்டுக்கு வந்தபோது பேர்ணடெற் தொலைபேசிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். கண் வீங்கியிருந்தது. ஆறு மணிக்குச் சிறீ கூப்பிட்டு, அருளைக் காணவில்லை என்று சொல்லியிருக்கிறான். நாலு மணிக்கே வெளிக்கிட்டுவிட்டார் என்று இவள் சொல்ல, இரண்டு பேருக்கும் பயம் பிடித்துவிட்டது. விரைவுச்சாலையில் விபத்து என்று வானொலியில் வேறு சொல்லியிருக்கிறார்கள். சிறீ தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மூன்று ஆஸ்பத்திரிகளுக்கும் பொலிசுக்கும் எடுத்துக் கேட்டிருக்கிறான். அவள் மாதாவுக்கு நேர்த்தி வைத்திருந்தாள்.

கார் வழியில் நின்றுவிட்டது, இழுத்துக்கொண்டு போய்த் திருத்த இவ்வளவு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அழுதாள். உடனே சிறீக்கு எடுத்துத் தந்தாள். என் குரலைக் கேட்டதும் அவன், "உயிரோடை இருக்கிறாய்தானே, எனக்கு அது காணும்" என்றான்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் அவன் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தான். யாராவது அந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பேச்செடுத்தால், பாவம், அருளும் போகேல்லை என்று எனக்காகப் பேசுவான். அடுத்த முறை வரும்போது தானே டிக்கெட் எடுப்பதாகச் சொன்னான். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

95 மாசியில் அந்தக் குழுவின் பாடகர் இறந்துபோனார். இனிமேல் சோல்ட் ஃபெரி இல்லை என்று மற்றவர்கள் அறிவித்துவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை சிறீ இரண்டு பஸ் மாறி, பனிக்குள்ளால் எங்கள் வீட்டுக்கு வந்தான். சொந்தக்காரர் செத்தது போல முகம். தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

"நாங்கள் ரெண்டு பேரும் குடுத்து வைக்கேல்லையடா" என்றான்.

அந்த 'ரெண்டு பேரும்' என்ற சொல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. மேடையில் எனக்கு இடம் தராதவன், இழப்பில் பாதியைத் தருகிறானே என்று தோன்றியது.

"நான் போனனான்" என்றேன்.

அவனுக்கு விளங்கவில்லை. திரும்பவும் சொன்னேன். கார் பழுதாகி நிற்கவில்லை என்றும், வாசல் படியில் அவன் நின்றதைக் கண்டேன் என்றும், அவனுடைய இருக்கை கடைசிவரை காலியாகக் கிடந்தது என்றும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். குசினியில் பேர்ணடெற் கழுவிக்கொண்டிருந்த சட்டியின் சத்தம் நின்றது.

"ஏன்?" என்று கேட்டான் சிறீ.

இருபத்தொரு வருடமாக வைத்திருந்ததைச் சொன்னேன். கிட்டார், திரைக் கயிறு, இரண்டாம் வரிசையில் அம்மா. அவன் நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே யோசித்துப் பார்த்தான். நடிக்கவில்லை. நடித்திருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

"அப்பிடி ஒண்டு நடந்ததே? எனக்கு ஞாபகமில்லை, அருள்."

அவனை மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டும், அவன் கூசிப்போக வேண்டும் என்று எத்தனையோ நாள் கற்பனை செய்திருக்கிறேன். ஞாபகமில்லாதவனை என்ன செய்வது? என் கோபத்துக்கு அந்த அறையில் இருக்க ஓர் இடமில்லாமல் போனது.

பிறகு அவனாகவே சொன்னான்.

"அண்டைக்கு என்ரை பல்கனிக்கு அவங்கடை பாட்டு வடிவாக் கேட்டது. போனிலை ஆஸ்பத்திரிக்காரர் கதைக்கிறது விளங்கேல்லை எண்டு கதவைச் சாத்திப்போட்டன்."

தேத்தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு, ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போனான். பஸ் நிறுத்தம்வரை கொண்டுபோய் விடுகிறேன் என்று நான் சொல்லவில்லை. வெளியே சைபருக்குக் கீழே இருபது பாகை குளிர்.

பேர்ணடெற் குசினி வாசலில் வந்து நின்றாள். அவனுக்குச் செய்ததை அவள் கேட்கவில்லை.

"அண்டைக்கு நான் உங்களைச் செத்துப்போனீங்கள் எண்டு நினைச்சு அழுதனான்" என்றாள்.

அவளை நான் நினைக்கவே இல்லை என்பதுதான் உண்மை. அதற்குப் பிறகு நான் எங்கே போகிறேன், எத்தனை மணிக்கு வருவேன் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. இரவு வேலை முடிந்து பனிப்புயலில் மூன்று மணி நேரம் பிந்தி வந்த நாளிலும், விளக்கை அணைத்துவிட்டு நித்திரையாகத்தான் இருந்தாள்.

சிறீ அந்த வசந்தத்தில் ஒஷாவாவில் வேறு வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தொலைபேசி எண் மாறியிருந்தது. 96 இல் மனைவியும் மகளும் வந்துசேர்ந்ததாக வேறு ஆட்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

97 ஆவணியில் ஸ்காபரோவில் ஒரு கலியாண வீட்டில் நேருக்கு நேர் கண்டேன். சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றான். முன்நெற்றி வழுக்கை விழுந்திருந்தது. பக்கத்தில் அவன் மனைவி. நான் கனடாவுக்கு வந்த பிறகுதான் அவர்களுக்குக் கலியாணம் நடந்தது. அதனால் அவள் என்னைக் கண்டதில்லை. யாரோ தெரிந்தவர் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, இவர் ஆர் என்று கணவனைக் கேட்டாள்.

சிறீ என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் கோபத்தைத் தேடினேன். பஸ்ஸில் முன்னால் இருப்பவரைப் பார்ப்பது போலத்தான் பார்த்தான்.

"இவர் அருள்நாயகம்" என்றான். "பார்க்டேலிலை இருக்கேக்கை ஒரு கொஞ்ச நாள் தெரியும்."

இருபத்தைந்து வருடம் என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம் என்று சொல்லியிருக்கலாம். அவன் மனைவி மரியாதையோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம்" என்றேன். "பார்க்டேலிலைதான்."

பரிமாறுகிறவர் தட்டை நீட்டச் சொன்னார். அவர்கள் சோற்றை வாங்கிக்கொண்டு மண்டபத்தின் மற்றப் பக்கத்துக்குப் போனார்கள்.