வாரிஜக்கா நேர்ந்த புலி

என் மகன் நவராத்திரிக்குப் புலிவேஷம் கட்டி ஆடுவான் என்று, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தேவிக்கு நேர்ந்துவிட்டாள் என் நாத்தனார் வாரிஜக்கா. இதைச் சொன்னால் ஊரே எனக்குப் புத்தி சொல்ல வருகிறது. "அவன் நல்லதுக்குத்தானே நேர்ந்தா?" என்கிறார்கள். நல்லதுக்குத்தான். யார் இல்லை என்றது? மழைக்காலத்தில் மோக்ஷித் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவள் வராந்தாவில் நின்று நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்து வந்தான். ஆனால் நேர்ந்தது அவள் வாய், பெயின்ட் பூசிக்கொள்ள வேண்டியது என் பிள்ளையின் தோல். இதில் என்ன நியாயம் என்று கேட்டால் நான் நன்றிகெட்டவளாம்.

அவன் தோலைப் பற்றி அவளுக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்தே அப்படி. சோப்பை மாற்றினால் தடித்துவிடும். பள்ளிக்கூடத்தில் எவனோ கன்னத்தில் கலர்ப்பொடியைத் தேய்த்ததற்கு ஒரு வாரம் முகம் வீங்கித் திரிந்தான். புலிவேஷத்துக்குப் பூசுவதோ கதவுக்கு அடிக்கிற பெயின்ட். உடம்பு முழுக்க மஞ்சளை அடித்து, காயும்வரை இரண்டு கையையும் கழியில் ஊன்றி நிற்க வைத்து, அதன்மேல் கறுப்பு வரி போடுவார்கள். தடித்தடி ஆண்பிள்ளைகளே பல்லைக் கடித்துக்கொண்டுதான் நிற்பார்கள். இவனுக்கு ஒன்பது வயது.

நவராத்திரி நெருங்கினால் எங்கள் வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. தெருப் பிள்ளைகளின் வேஷமெல்லாம் என் தையல் மெஷினில்தான் உருவாகும். புலிக்கு வெல்வெட் டவுசர், கரடிக்குக் கறுப்பு ரோமத்துணி, அனுமாருக்குப் பஞ்சு அடைத்த வால். அந்த நாட்கள் எனக்கு அவ்வளவு பிடிக்கும். துறைமுகத்தில் ஐஸ் லாரி ஓட்டிவிட்டு வருகிற என் வீட்டுக்காரர் உமாநாத், கை கால் கழுவியதும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவார். வரி வெட்டுவது அவர் வேலை. வாலுக்குப் பஞ்சு அடைப்பது சின்னவள் பூர்வியின் வேலை. அடைத்த வாலை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் அவள் சாப்பிடவே வருவாள்.

"நீங்க வெட்டுறது புலி வரியா, மத்தி மீனா?" என்பேன்.

"மங்களூர்ப் புலி மத்தி தின்னுதானே வளருது? அதான் வரியிலயும் தெரியுது" என்பார் அவர். மோக்ஷித் சிரித்துச் சிரித்து விழுவான்.

எல்லோரும் துணிக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து நீர்தோசையைக் கோழிக்குழம்பில் தொட்டுத் தின்போம். "ஒரு சொட்டு வெல்வெட்ல பட்டுச்சோ, கையை ஒடிச்சிடுவேன்" என்று நான் கத்துவேன். ஒருவரும் பயப்பட மாட்டார்கள். அப்படி ஒரு சாயங்காலத்தில்தான் வாரிஜக்கா சுடச்சுட கோலிபஜே போண்டாப் பொட்டலத்தோடு உள்ளே வந்தாள்.

"ஹரிணா, மோக்ஷித்துக்கும் ஒரு டவுசர் சேர்த்து வெட்டு. இந்த வருஷம் நம்ம பையன் புலி."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "புலியா? பூனையைப் பார்த்தாலே கட்டில்மேல ஏறுறான்" என்றேன்.

"விளையாட்டில்ல. ஆஸ்பத்திரியில நேர்ந்துக்கிட்டேன். பெயின்ட் பூசி தேவி வாசல்ல ஆட வைக்கிறேன்னு வாய்விட்டுச் சொல்லியிருக்கேன். சேசப்பண்ணன்கிட்டயும் பேசிட்டேன்."

மெஷினை நிறுத்தினேன். புலிவேஷக் குழுவின் தலைவரிடம் பேசியாகிவிட்டது. பெற்றவளிடம் பேச மட்டும் நேரம் கிடைக்கவில்லை.

"அக்கா, அவன் உடம்பு தெரிஞ்சுமா சொன்னீங்க?"

"உயிரையே திருப்பிக் கொடுத்தவ தோலைப் பார்த்துக்க மாட்டாளா?"

"அவ பார்த்துக்குவா. பெயின்ட் டப்பா பார்த்துக்காது."

உமாநாத் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வந்தால் அவருக்கு விட்டத்தில் எப்போதும் ஏதோ தெரியும். நான் பொறுமையைத் தேடி எடுத்துக்கொண்டு சொன்னேன்: "கழுத்திலிருந்து கால் வரைக்கும் துணியிலயே புலி தைச்சுத் தர்றேன். போட்டுக்கிட்டு வாசல்ல ஆடட்டும். வேண்டுதலும் தீரும், அவன் உடம்பும் தப்பும்."

"துணிப்புலி ஒரு புலியா? கடையில விக்கிற பொம்மை அது. பூசுறேன்னு சொன்னா பூசணும். சொன்னதை மாத்தினா யார் தலையில விழும்? அவன் தலையிலதான்."

அவ்வளவுதான், எனக்கு ரத்தம் கொதித்தது. "என் வீட்ல உட்கார்ந்து, என் புள்ளை எதிர்ல, அவன் தலையில விழும்னு சொல்றீங்களா? உங்க நாக்கு கூசலையா? எழுந்திரிங்க அக்கா!"

"ஹரிணா, கொஞ்சம் மெதுவா..." என்றார் உமாநாத்.

"நீங்க பேசாதீங்க! பேச வேண்டிய நேரத்துல விட்டத்தைப் பார்த்தீங்கல்ல, இப்பவும் அதையே பாருங்க."

வாரிஜக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். மறுநாளே தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. காய்கறி வாங்கப் போனால், "தேவி காரியத்துல பிடிவாதம் பிடிக்கலாமா ஹரிணக்கா?" என்று கேட்கிறாள் ஒருத்தி. உன் வெண்டைக்காயைப் பார் என்று சொல்லிவிட்டு வந்தேன். கோபத்தோடு கோபமாக மஞ்சள் துணியை எடுத்து வெட்டினேன். உள்ளே உறுத்தாமல் இருக்கப் பழைய பருத்திப் புடவையை லைனிங்காகக் கொடுத்தேன். கழுத்தோடு சேர்த்துத் தைத்த, முகம் மூடாத தொப்பி, முழங்காலில் தாராளமாகத் துணி, குதித்தாலும் கிழியாத இரட்டைத் தையல். உமாநாத் எல்லா வரியையும் தானே வெட்டிக் கொடுத்தார். குற்ற உணர்ச்சியில் வெட்டினாரோ என்னவோ, இந்த முறை ஒரு வரிகூட மீன் மாதிரி இல்லை.

மோக்ஷித் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று உறுமினான். பூர்வி அலறிக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினாள். பிறகு இவனே பயந்து, "நான்தான் பூர்வி, நான்தான்!" என்று பின்னாலேயே ஓடினான். நானும் அவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவனுக்கு ஆட வேண்டும் என்று அவ்வளவு ஆசை. நான் கஞ்சி வடிக்கும்போதுகூட பக்கத்தில் நின்று தட்டில் தாசே மேளம் அடிப்பான். பூசிக்கொள்ளத்தான் பயம். துணிப்புலி என்றதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

வேஷம் கட்டுவதற்கு முந்தின நாள் எலாஸ்டிக் தீர்ந்துபோயிற்று. வாங்கக் கிளம்பும்போது வாரிஜக்கா வந்தாள். கோபமெல்லாம் போனவள் மாதிரி, "நீ போயிட்டு வா, பிள்ளைங்களை நான் பார்த்துக்கறேன்" என்றாள். எனக்கும் மனது இளகிவிட்டது. என்னதான் இருந்தாலும் ஆஸ்பத்திரியில் எனக்குச் சோறு ஊட்டிவிட்டவள் அவள். நம்பி விட்டுவிட்டுப் போனேன்.

திரும்பி வரும்போது பூர்வி வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். "அம்மா, அண்ணன் கையை மஞ்சளாக்கிட்டாங்க."

பையை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. குளியலறையில் குழாய்க்கு அடியில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என் பிள்ளை. தோளிலிருந்து மணிக்கட்டு வரை மஞ்சள். மஞ்சள் முடிகிற இடத்திலெல்லாம் சிவப்பாகத் தடித்து, கழுத்து வரை ஏறியிருந்தது. வாரிஜக்கா தேங்காய் எண்ணெய்ப் புட்டியோடு சுவரை ஒட்டி நின்றாள்.

"ஒரு கை மட்டும்தான் ஹரிணா. சும்மா பூசிப் பார்க்கலாம்னு... ஒண்ணும் ஆகலைன்னா நீயும் நம்புவேன்னு நெனச்சேன்."

"என்னை நம்ப வைக்க என் பிள்ளையோட கைதான் கெடச்சுதா?"

நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. கண்டபடி பேசினேன். இங்கே எழுதக்கூடிய வார்த்தைகள் இல்லை அவை. பேசிக்கொண்டே பஞ்சில் எண்ணெயைத் தொட்டு அவன் கையைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க மஞ்சள் போய்ச் சிவப்பு வந்தது. அவன் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். அவன் அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

உமாநாத் லாரியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டுக் கூட்டி வந்தார். மருந்தில் அவன் தூங்கிய பிறகு, கூடத்தில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்து, "அக்கா, நீ உன் வீட்டுக்குப் போ" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

காலையில் பையனுக்குத் தடிப்பு அடங்கியிருந்தது. எனக்கு எதுவும் அடங்கவில்லை. மெஷினில் உட்கார்ந்து மிச்சமிருந்த புலித்துணியை வெட்டித் தைத்தேன். தைத்ததை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு நேரே சேசப்பண்ணன் கொட்டகைக்குப் போனேன். உள்ளே பெயின்ட் நாற்றம். பத்துப் பன்னிரண்டு பேர் கழியைப் பிடித்துக்கொண்டு மஞ்சளாக நின்று காய்ந்துகொண்டிருந்தார்கள். நான் நினைத்தபடியே வாரிஜக்காவும் அங்கே இருந்தாள். வேண்டுதலுக்கு என்ன வழி என்று கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

என்னைப் பார்த்ததும் சேசப்பண்ணன் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "ஹரிணக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. வாரிஜக்கா பையனைக் கூட்டிட்டு வந்தப்ப நீங்கதான் அனுப்பினதா சொன்னாங்க. இல்லேன்னா அந்தக் கையைத் தொட்டிருப்பேனா?"

"உங்க மேல கோபமில்ல அண்ணே. ஒரு கேள்வி மட்டும். நேர்ந்தவங்களே பூசிக்கிட்டு ஆடினா வேண்டுதல் தீருமா, தீராதா?"

"தீராம? வழக்கமே அதுதானே. அவங்கவங்க நேர்ந்து அவங்கவங்க ஆடுறதுதான்."

பையிலிருந்ததை எடுத்து வாரிஜக்காவின் கையில் வைத்தேன். முழுக்கால் புலிக் காற்சட்டை, மேலே முழங்கைவரை புலிச் சட்டை. அளவு கேட்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. அவள் ரவிக்கையெல்லாம் நான்தான் தைக்கிறேன்.

"சொன்ன வாய் உங்களுது. உடம்பும் உங்களுதாவே இருக்கட்டும்" என்றேன்.

"என்ன ஹரிணா இது? இந்த வயசுல, நான், ரோட்டுல..." அவள் சேசப்பண்ணனைப் பார்த்தாள். "பொம்பளைங்க பூசிக்கலாமா அண்ணே?"

"அடுத்த தெருவுல பொண்ணுங்க குழுவே ஆடுதே வாரிஜக்கா. நேத்து சக்கை போடு போட்டாங்க."

கழி பிடித்து நின்ற புலி ஒன்று களுக்கென்று சிரித்தது. நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். சிரிப்பு நின்றது.

"ஏன் அக்கா யோசிக்கிறீங்க? நேர்ந்தது தீரலைன்னா அவன் தலையில விழும்னு நீங்கதானே சொன்னீங்க? விழட்டுமா?"

அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பொய்க்காரியாக இருந்தால் அப்போதே ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பாள். ஆனால் அவள் உண்மையாகவே நம்பியவள், அந்தப் பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தில் குத்தினேன். துணியை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு மறைப்புக்குப் பின்னால் போய் உடுத்திக்கொண்டு வந்து, சேசப்பண்ணன் முன்னால் இரண்டு கையையும் நீட்டினாள்.

"பூசுங்க அண்ணே."

கையிலும் முகத்திலும் மஞ்சள் ஏறியது. அதன்மேல் வரி. நான் கடைசிவரை நின்று பார்த்தேன். பாவம் என்று தோன்றவில்லை, அந்த நேரத்தில் தோன்றவே இல்லை.

மத்தியானம் தேவி கோயில் வாசலில் தாசே முழங்கியது. வெயில் மண்டையைப் பிளந்தது. மோக்ஷித் நான் தைத்த துணிப்புலியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஒருவரும் வற்புறுத்தவில்லை, ஆடியே தீருவேன் என்று அவனாகத்தான் அடம்பிடித்தான். துள்ளினான், உறுமினான், வாலைச் சுழற்றினான். பூர்வி அப்பா தோளில் உட்கார்ந்து, "எங்கண்ணன், எங்கண்ணன்!" என்று கத்தினாள். அவனுக்குப் பக்கத்தில் வாரிஜக்கா. முதலில் வெட்கத்தில் காலே எழவில்லை அவளுக்கு. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். மேளம் வேகமெடுத்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஆடினாள். ஆட்டம் முடிந்ததும் வாசலில் நெற்றி படும்படி விழுந்து கும்பிட்டாள்.

எழுந்து நிழலுக்கு வந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெயின்ட்டுக்கு அடியில் வியர்வை வெளியே வர வழியில்லாமல் கொப்பளித்தது. கையைத் தூக்கித் தூக்கி ஊதினாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது. நான் தண்ணீர்ச் செம்பை நீட்டினேன். வாங்கவில்லை. மோக்ஷித்தைக் கிட்டே கூப்பிட்டு, அவன் சட்டைக் கையை மெல்லச் சுருட்டி, இன்னும் சிவந்திருந்த தோலைப் பார்த்தாள்.

"உனக்கும் இப்படித்தான் எரிஞ்சுதாடா?"

"ஆமா அத்தை" என்றான் அவன். "பூசும்போதே உங்ககிட்ட சொன்னேனே."